கல்லுக்கு எந்தப் பக்கம் முகம்

மோதிரக் கல் தீட்டும் பட்டறையை விட்டு எழுந்து வந்து நான்கு வருடமாகிறது. இன்னமும் தெருவில் என்னைப் பார்க்கும் தொழில்காரர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணே, கரட்டுக் கல்லு கையில வந்ததும் எந்தப் பக்கத்த முகமா வெக்கிறதுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" போன மாதம் கம்பெல் தெருவில் ஒரு தம்பி என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய், மின்சாரத்தில் சுற்றும் தன் புதுச் சாணையைக் காட்டினார். நாங்கள் ஒரு வாரம் உட்கார்ந்து தேய்ப்பதை அது ஒரே நாளில் தேய்த்துவிடுகிறது. "வேகம் நல்லாத்தான் இருக்கு லா, அண்ணே. ஆனா தப்பான பக்கத்தையும் அதே வேகத்துல தேச்சிருது" என்றார். நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எழுத உட்கார்ந்தால் ஒரு கல்தான் நினைவில் முன்னால் வந்து நிற்கிறது. அதைச் சொன்னால் மற்றதும் சொன்ன மாதிரிதான்.

நான் இதே பினாங்கில் பிறந்தவன். அப்பா துறைமுகத்தில் கிராணி. மகனும் பேனா பிடிப்பான் என்று நினைத்திருந்தார். எனக்குக் கணக்கு வரவில்லை. பதினெட்டாவது வயதில் கிங் தெருவில் ஒரு மாடிப் பட்டறையில் சேர்ந்தேன். முதல் நான்கு வருடம் கல் தேய்க்கும் குருந்தப் பொடி சலித்தேன், அரக்கு உருக்கினேன், மெருகுக்கு உமிச்சாம்பல் சுட்டேன். அதைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை. பிறகு வில் என் கைக்கு வந்தது. வலக்கை வில்லை இழுத்துச் சாணைத் தட்டைச் சுழற்றும். இடக்கை, குச்சியின் நுனியில் அரக்கால் ஒட்டிய கல்லைத் தட்டில் அழுத்தும். இந்த இரண்டு கையும் ஒன்றையொன்று நினைக்காமல் வேலை செய்யப் பழக இன்னும் மூன்று வருடமாயிற்று.

பட்டறைக்குத் தலைமைக்காரர் காசிம் நானா. இலங்கையில் பேருவளைப் பக்கத்துச் சோனகர். அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன், செல்லுவது என்றால் சொல்லுவது. முதலாளி தவுக்கே முதல் கூலிக்காரர் வரை எல்லோருக்கும் அவர் நானாதான். மெலிந்த உயரமான மனிதர். சத்தம் போட மாட்டார். எந்தக் கல்லையும் யாருடைய கையிலும் கொடுக்க மாட்டார். வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்து ஒற்றை விரலால் நம் பக்கம் தள்ளுவார். வேலை பிடித்திருந்தால் எங்களை "நீ" என்பார். கோபம் வந்தால் மட்டும் மரியாதை கூடிவிடும். "நீங்கோ என்ன செய்திருக்கிறீங்கோ?" என்று அவர் கேட்டால், அன்று முழுக்க ஒருவருக்கும் சோறு இறங்காது.

நிறம் பார்ப்பது அவர் வேலை. காலை எட்டரைக்குமேல் பத்தரைக்குள் மட்டும்தான் பார்ப்பார். வெயில் நேரே விழாத ஜன்னல் வேண்டும். எங்கள் ஊரில் வடக்கு ஜன்னலை வருடம் முழுக்க நம்ப முடியாது. சித்திரை முதல் ஆவணி வரை சூரியன் வடக்கே ஒதுங்கி நிற்கும். அந்த மாதங்களில் அவருடைய மேசையைத் தூக்கித் தெற்கு ஜன்னலில் போடுவோம். பிறகு திரும்பவும் வடக்கு.

நீலக்கல் இரண்டு விதமாக ஏமாற்றும். ஒன்று, நிறம் கல் முழுக்கப் பரவியிருக்காது. ஒரு மூலையில் மை சொட்டிய மாதிரி நிற்கும். மீதியெல்லாம் வெறும் தண்ணீர். அந்தச் சொட்டைக் கல்லின் அடிமுனைக்குக் கொண்டுவந்துவிட்டால், மேலிருந்து பார்ப்பவருக்குக் கல் முழுக்க நீலமாகத் தெரியும். பக்கவாட்டில் விட்டால் பாதி நீலம், பாதி வெள்ளை. இன்னொன்று, ஒரே கல் ஒரு திசையில் சுத்த நீலமாக இருக்கும். குறுக்கே திருப்பினால் பச்சை கலந்து காட்டும். நீலம் தெரியும் திசைக்கு நேராக முகம் வர வேண்டும். இந்த இரண்டும் ஒத்துப்போனால் யார் வேண்டுமானாலும் தீட்டலாம். ஒத்துப்போகாத கல் வரும்போதுதான் காசிம் நானாவைப் போல ஒருவர் தேவைப்படுவார். பார்த்து முடித்ததும் மெல்லிய குச்சியால் கல்லின்மேல் மைக்கோடு போடுவார். அந்தக் கோட்டில்தான் நாங்கள் முகத்தைத் தேய்க்க வேண்டும். ஒருமுறை தேய்த்துவிட்டால் திரும்ப வழியில்லை.

எனக்கு முப்பத்து நான்கு வயதிருக்கும். ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில் இரண்டு பேர் படியேறி வந்தார்கள். முன்னால் வந்தவர் ராமையா. கடற்கரைக் கிடங்கொன்றில் ஜாகா வேலை, அதாவது காவல். பின்னால் வந்தவள் தனபாக்கியம், அவருடைய தம்பியின் மனைவி. நார்தாம் ரோட்டில், பாபா என்று சொல்லும் பழைய சீனக் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஆயாவாக இருந்தாள். வெள்ளைச் சேலை. நாற்காலியை ராமையாவுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

ராமையா துணி முடிச்சை அவிழ்த்து, இலந்தைப் பழ அளவில் ஒரு கல்லை மேசைமேல் வைத்தார். "இதத் தீட்டணும் நானா. என் தம்பியோட கல்லு. இப்ப இந்தப் பிள்ளையோடது."

"அந்தக் கல்லுதானான்னு அவரக் கேளுங்க" என்று தனபாக்கியம் என்னைப் பார்த்துச் சொன்னாள். ராமையா இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. அண்ணன் தம்பி இருவரும் பர்மாவில் கல் தோண்டும் ஊருக்குப் போயிருக்கிறார்கள். அங்கிருந்து தம்பி கோபால் மனைவிக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறான். அதை அவள் நாலாக மடித்துக் கூடவே வைத்திருந்தாள். என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னாள். "நானும் அண்ணனும் மண் கழுவும்போது ஒரு நீலக்கல் கிடைத்தது. தண்ணீரில் போட்டுப் பார்த்தால் அசல் சங்குப்பூ நிறம். அது உனக்குத்தான்" என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. குழியின் மண்சுவர் சரிந்து கோபால் செத்துப்போனான். ஒரு வருடம் கழித்து ராமையா தம்பியின் போர்வையோடும் இந்தக் கல்லோடும் பினாங்கு வந்து சேர்ந்தார்.

"பலகாரத்துக்கு நெறம் ஊத்த எங்க வீட்டு ஞோஞா எசமானிக்குத் தெனமும் சங்குப்பூ கசக்கிக் குடுக்குறேன். அந்த நெறம் எனக்குத் தெரியாதா?" என்றாள். "இது ஆத்துல கெடக்குற கூழாங்கல்லு. அசல் கல்லு எங்க போச்சுன்னு அவருக்குத்தான் தெரியும்."

அவிழ்த்த துணியை ராமையா மடித்துக்கொண்டிருந்தார். சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன முகம் அது.

நானா பீங்கான் தட்டில் தண்ணீர் ஊற்றிக் கல்லை உள்ளே விட்டார். "இங்க வாங்கோ தங்கச்சி, குனிஞ்சு பாருங்கோ." தண்ணீரில் கல்லின் மேல்தோல் சொரசொரப்பு மறைந்தது. உள்ளே ஒரு கோடியில் சின்னதாக ஒரு நீலத் திட்டு.

"இவ்வளவுதானா?"

"இத எடுத்து விரிக்கிறதுதான் எங்கட வேல. பதினஞ்சு நாள் தாங்கோ."

படியிறங்கும் முன் அவள் திரும்பி நின்றாள். இப்போதும் என்னிடம்தான் பேசினாள். "சங்குப்பூ நெறத்துல வந்தா என் புருஷனோட கல்லு. வேற நெறத்துல வந்தா மாத்திட்டாங்கன்னு அர்த்தம். நான் வேற என்ன நெனைக்கிறது, நீங்களே சொல்லுங்க."

மறுநாள் நானா அந்தக் கல்லை ஒரு மணி நேரம் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் கூசுகிறது என்று பாதித் திரையை இழுத்துவிட்டார். பிறகு மைக்கோடு போட்டு, தட்டை என் பக்கம் தள்ளினார்.

நான் அதைத் தண்ணீரில் வைத்துக் கோட்டுக்கு நேராகப் பார்த்தேன். நீலத் திட்டு சரியாக அடியில் விழுந்தது. ஆனால் மொத்த நிறமும் பாசி படிந்த குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது. கல்லைக் குறுக்கே திருப்பினேன். அங்கே இருந்தது சங்குப்பூ.

"நானா, இந்தப் பக்கம் கொஞ்சம் பச்சை அடிக்குதே."

"பச்சையா? என்னத்தச் செல்லுற? அந்தப் பக்கம்தான் உசிரிருக்கு. நீ காட்டுற பக்கம் வெறும் கறுப்பு. கரியப் போய் யார் விரல்ல போடுவாங்க?"

நான் கல்லைத் திரும்பவும் குறுக்கே திருப்பிப் பார்த்தேன். அந்தத் திசையில் கறுப்பே இல்லை.

இது திடீரென்று வந்ததல்ல. ஒரு வருடமாகவே எங்களுக்குத் தெரியும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. ஜன்னல் கண்ணாடியில் அழுக்கு என்று நானா அடிக்கடி கழுவச் சொல்லுவார். கழுவிய கண்ணாடியையே திரும்பவும் கழுவச் சொல்லுவார். தீட்டிய கல்லை மடிக்கும் தாளில் இரண்டு வகை உண்டு. வெள்ளைக் கல்லுக்கு உள்பக்கம் இளநீலத் தாள். நிறக்கல்லுக்கு வெள்ளைத் தாள். நீலக்கல்லை நீலத் தாளில் மடித்தால் தாளின் நிறம் கல்லில் ஏறிக் காட்டும். வாங்க வருபவர் அதைப் பித்தலாட்டம் என்பார். எங்களுக்கு அதைச் சொல்லித் தந்தவரே நானாதான். அவரே மாதக்கணக்கில் நீலக்கற்களை நீலத் தாளில் மடித்துக்கொண்டிருந்தார். அவர் தொழுகைக்குப் போனதும் நாங்கள் ஆளுக்கு ஆள் தாளை மாற்றி மடித்து வைப்போம். அவர் கோடு போட்ட இரண்டு மூன்று கற்கள் பச்சையாகவே வெளியே போயிருந்தன. அவர் கண்ணுக்குள் பழுப்பாக என்னவோ திரை விழுந்திருந்தது. நல்ல நீலம் அவருக்குக் கறுப்பாகவும், பச்சை கலந்தது உயிருள்ளதாகவும் தெரிந்தது. நிறம் பார்த்தே பெயரெடுத்த மனிதரிடம் இதை யார் சொல்வது? மற்ற கற்கள் என்றால் அப்போதும் பேசாமல் விட்டிருப்பேன். முதுகு காட்டிப் போட்ட அந்த நாற்காலி என்னைத் தூங்கவிடவில்லை.

வெள்ளிக்கிழமை நானா பள்ளிவாசலுக்குப் போனார். நான் கல்லை எடுத்துச் சாராயத்தில் துணியை நனைத்து மைக்கோட்டைத் துடைத்தேன். அவர் கோட்டை அந்தப் பட்டறையில் யாரும் அழித்ததில்லை.

அழித்த பிறகுதான் அந்தக் கல்லின் கஷ்டம் எனக்குப் புரிந்தது. சுத்த நீலத்துக்கு நேராக முகம் வைத்தால் நிறத் திட்டு பக்கவாட்டில் போய்விடுகிறது. பாதிக் கல் வெளுத்துவிடும். திட்டை அடியில் வைத்தால் பச்சை. ஆக முகத்தை நீலத்துக்கு வைத்து, சற்றே சாய்த்து, அடிமுனையை நடுவில் இறக்காமல் திட்டு இருக்கும் பக்கமாக ஒதுக்கி இறக்க வேண்டும். கல்லின் வயிறு ஆழமாக நிற்கும். கல்லில் பாதிக்கு மேல் தூளாகப் போகும். எவ்வளவு சாய்ப்பது? அதற்கு அளவுகோல் கிடையாது. கல்லை ஒட்டினேன், பார்த்தேன், அரக்கைச் சூடாக்கிப் பிரித்தேன், ஒரு மயிரளவு திருப்பித் திரும்ப ஒட்டினேன். ஐந்தாவது தடவை, போதும் என்று வில்லை இழுத்தேன். நானா திரும்பி வரும்போது முகம் தேயத் தொடங்கியிருந்தது. கல்லின் மீதி அரக்குக்குள் இருந்ததால் கோடு மாறியது அவருக்குத் தெரியவில்லை. "நடக்குதா?" என்றார். "நடக்குது நானா" என்றேன். பொய்யில்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

பதினைந்தாம் நாள் காலையில், மெருகு போட்ட கல்லைத் தட்டில் வைத்து அவர் பக்கம் தள்ளினேன். அவர் குனிந்தார். ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார். புறங்கையில் வைத்துப் பார்த்தார்.

"சவரிமுத்து, நீங்கோ என்ன செய்திருக்கிறீங்கோ?"

முழுப்பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. மற்றவர்களின் வில் நின்றுவிட்டது.

"நான் போட்ட கோடு எங்க? இது கரிக்கட்டையல்லவா? அந்தப் பொம்புளைக்கு நான் என்ன செல்லுவேன்?"

நான் வாய் திறப்பதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது. இருவரும் வந்துவிட்டார்கள். நானா எழுந்து நின்றார். "தங்கச்சி, உட்காருங்கோ. கல்லு பழுதாப் போச்சு. தப்பு எங்கட பட்டறையோடது. அவர் மேல சந்தேகப்படாதீங்கோ. நான் பொறுப்பு."

ராமையா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

தனபாக்கியம் பழையபடி ராமையாவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். குனிந்தாள். கல்லை விரல் நுனியால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பினாள். தரையில் நாற்காலிக் கால் உராய்ந்த சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. ராமையாவைப் பார்த்து, "மாமா" என்றாள். "மாமா, சங்குப்பூ மாமா. அவரு எழுதின மாதிரியே இருக்கு."

ராமையா தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார். அவர் பர்மாவிலிருந்து வந்த இரண்டு வருடமாக அவள் அவரிடம் நேராகப் பேசியதில்லை என்று பிறகு தெரிந்தது.

மற்றவர்கள் அவர்களைப் பார்த்தார்கள். நான் மட்டும் நானாவைப் பார்த்தேன். அவர் அந்தப் பெண்ணின் முகத்தையும் தட்டிலிருந்த கல்லையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் போனபின் என்னைக் கூப்பிட்டார். "முத்து, அது நீலமா?"

"நீலம் நானா."

"எனக்கு அது கறுப்பு." வெறும் பீங்கான் தட்டை என் பக்கம் தள்ளினார். "எத்தன நாளாத் தெரியும் உனக்கு?"

"ஒரு வருஷமா."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும்."

"நான் மடிச்ச தாள மாத்தி மடிச்சது நீங்கதானா? யாரோ என்னக் கேலி செய்றாங்கன்னு நெனச்சேன்." அவர் சிரிக்கப் பார்த்தார்; வரவில்லை. "கல்லத் திருப்பினதுக்கு நான் ஒண்டும் செல்ல மாட்டேன். அது நல்ல காரியம். ஆனா என்னட்டச் செல்லாமத் திருப்பினியே முத்து. செல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் செல்லியிருக்கணும்."

நான் தட்டைக் கழுவித் துடைத்து அவர் மேசையில் திரும்ப வைத்தேன்.

மறுநாளிலிருந்து அவர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். எந்த நீலக்கல்லையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதல் ஆள் பார்த்ததை இரண்டாவது ஆளிடம் சொல்லக் கூடாது. இருவரும் காகிதத்தில் முகத்தைக் குறித்த பிறகு ஒப்பிட வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் மை கிடையாது. கம்பெல் தெருத் தம்பி கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். எந்தப் பக்கம் முகம் என்று எனக்குத் தனியாகத் தெரிந்ததில்லை. பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கண் எப்போதும் இருந்தது.

கண் ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். கண்ணில் கத்தி வைப்பது என்றதும் அந்த உயரமான மனிதர் என் மணிக்கட்டை விடவேயில்லை. ஒரு கண்ணுக்குத்தான் செய்தார்கள். தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல்மூட்டை வைத்து, நாள்கணக்கில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். கட்டவிழ்த்த பிறகும் புண் ஆற வாரங்கள் ஆயின. பிறகு சோடா பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி ஒரு கண்ணாடி கிடைத்தது. அதை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தவர், "இவ்வளவு நீலம் எங்க இருந்திச்சு?" என்றார். அப்புறம், "அந்தத் தங்கச்சி வீட்டுக்குப் போவோம்" என்றார்.

நார்தாம் ரோட்டுப் பெரிய வீட்டின் பின்புறத்தில் ஆயாக்கள் இருக்கும் வரிசையில் அவளுக்கு ஓர் அறை. நாங்கள் போனபோது ராமையாவும் அங்கே இருந்தார். பாசாரில் வாங்கிய மீனைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தார். கல் மோதிரமாகி அவள் விரலில் இருந்தது. நீலம் சனியின் கல், தலையணைக்கடியில் வைத்துச் சோதிக்காமல் போடாதே என்று பக்கத்து அறைக்காரிகள் பயமுறுத்தியிருக்கிறார்கள். "அவரு குடுத்தத நான் என்னத்துக்குச் சோதிக்கணும்?" என்று கேட்டுப் போட்டுக்கொண்டாளாம்.

நானா ஒரு வெள்ளைத் தட்டு கேட்டார். அவள் மோதிரத்தைக் கழற்றி அதில் வைத்தாள். அவர் அதை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய், கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"முத்து."

"நானா."

"நீலம்தான்." இன்னும் கொஞ்சம் திருப்பினார். "அடிமுனைய ஒரு நூல் கூடுதலாச் சாய்ச்சிட்ட. இந்த ஓரத்துல வெளிச்சம் ஒழுகுது, பாரு."

குனிந்து பார்த்தேன். ஓரத்தில் நகக்கண் அளவு வெளுப்பு. அன்றுவரை என் கண்ணுக்கு அது பட்டதேயில்லை.

தனபாக்கியம் பதறினாள். "என்னாங்க, கல்லுல குத்தமா?"

"குத்தமில்ல தங்கச்சி. இன்னும் கொஞ்சம் நல்லா வந்திருக்கும். குடுங்கோ, ஒரு வாரத்துல சரிபண்ணித் தாறோம்."

அவள் தட்டிலிருந்து மோதிரத்தை எடுத்து விரலில் போட்டு, கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "வேணா வேணா. இதுவே போதும். மாமா, அவங்களுக்குக் காப்பி ஊத்துங்க." ராமையா சிரித்துக்கொண்டே அடுப்பங்கரைக்குப் போனார்.

திரும்பும்போது ஒரே ரிக்‌ஷாவில் ஏறினோம். நானா கண்ணாடி வழியே தெருவையே பார்த்துக்கொண்டு வந்தார். பினாங்கு ரோடு திருப்பத்தில் அவர் என் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இது என்ன நிறம், முத்து?"

"நீலம், நானா."

"நீலம்தான். ஆனா நல்ல நீலமில்ல" என்றார்.